முடித்துக் காட்டிய முதலாளி: சேலம் டி.ஆர். சுந்தரம்

மலையாளத்தின் முதல் பேசும்படம் சேலத்தில் உருவானது. 1938 ஜனவரியில் வெளிவந்த 'பாலன்' அது. மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) அதே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் படம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956 பொங்கலுக்குத் திரையரங்குகளுக்கு வந்தபோது, அந்தப் பிலிம் பெட்டிகளும் சேலத்திலிருந்தே கிளம்பின. தமிழில் ஒரே நடிகர் இரட்டை வேடம் போட்ட முதல் படம் என்று சொல்லப்படும் 1940ஆம் ஆண்டு 'உத்தம புத்திரன்' கூட அந்த நிறுவனம் இருந்த ஏற்காடு சாலையில் எடுத்த படம்தான். இந்த நான்குக்கும் பின்னால் நின்றவர் ஒருவரே. திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். திரையுலகில் டி.ஆர்.எஸ்.; மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு 'முதலாளி'.

நான் சென்னையில் திரைப்படத் தயாரிப்பு அலுவலகங்களில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பேட்டா, வண்டி வாடகை, லைட் வாடகை, அட்வான்ஸ், பைனான்ஸ் வட்டி என்று ஒரு படத்தை நான் பார்க்கிற பக்கமே வேறு. ரசிகர் கண்ணுக்கு நாயகன் தெரிகிறான். விமர்சகர் கண்ணுக்கு இயக்குநர் தெரிகிறார். என் கண்ணுக்கு முதலில் தெரிவது, இந்தப் படம் எப்படி முடிந்தது என்ற கேள்வி. தொடங்கிய படங்களின் எண்ணிக்கையையும் முடிந்த படங்களின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். பூஜை போட்டு, பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, பாதியில் நின்றுபோன படங்களின் ரசீதுகளை நான் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட தொழிலில், நூறு படங்களுக்கு மேல் எடுத்து வெளியிட்ட நிறுவனத்தை, சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து நடத்திய மனிதரைப் பற்றி எனக்குத் தீராத ஆச்சரியம் உண்டு. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எம்.ஜி.ஆரின் பெயரும் கலைஞரின் பெயரும் முன்னால் வந்து நின்று அவரை மறைத்துவிடுகின்றன. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1907ஆம் ஆண்டு ஜூலையில் பிறந்தவர். வசதியான நூல் வியாபாரக் குடும்பம். நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்துகொண்டு ஊர் திரும்பினார். திருச்செங்கோட்டில் அந்தக் காலத்தில் இது என்ன பேச்சைக் கிளப்பியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் திருமணத்தைவிட அந்தப் படிப்புதான். லீட்ஸ் அன்று உலகத்தின் பெரிய நெசவாலை நகரங்களில் ஒன்று. பஞ்சு ஒரு வாசல் வழியாக உள்ளே வந்து துணியாக மறு வாசல் வழியாக வெளியேறும் வரை, எந்த இயந்திரமும் சும்மா நிற்கக் கூடாது, எந்தப் பிரிவும் அடுத்த பிரிவைக் காக்க வைக்கக் கூடாது என்பது ஆலைக்காரர்களின் பால பாடம். பின்னாளில் சேலத்தில் அவர் கட்டியது அப்படியோர் ஆலை. உள்ளே போனது கதை, வெளியே வந்தது படம்.

அதற்கு முன் தமிழ்ப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' பம்பாயில் எடுத்தது. அடுத்த சில ஆண்டுகளும் இதே கதைதான். தமிழ்ப் படம் எடுக்க விரும்பியவர்கள் நடிகர்கள், பாடகர்கள், வாத்தியக்காரர்கள், சமையற்காரர்கள் என்று ஒரு பட்டாளத்தையே ரயிலேற்றிக்கொண்டு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டும். மொழி தெரியாத தொழில்நுட்பக் கலைஞர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஸ்டுடியோ ஒருநாள் கிடைக்காவிட்டால் அத்தனை பேருக்கும் சோறு போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சென்னையில் ஸ்டுடியோ வந்ததே 1934இல்தான். சுந்தரமும் முதலில் இந்த வழியில்தான் நுழைந்தார். சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸில் கூட்டாளியாகச் சேர்ந்து சில புராணப் படங்களில் பங்கெடுத்தார். அந்த வரவு செலவை அவர் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருந்தாலே போதும். படத்துக்காகச் செலவிடும் பணத்தில் எவ்வளவு திரைக்குப் போகாமல் வழியிலேயே கரைகிறது என்பது தெரிந்திருக்கும்.

1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் லிமிடெட் பிறந்தது. இடம் சேலம், ஏற்காடு மலை அடிவாரத்துக்குப் போகும் சாலை. இந்த இடத்தேர்வை ஊர்ப்பாசம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஊர்ப்பாசம் இருந்திருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் கணக்கு என்பது என் எண்ணம். நிலம் விஸ்தாரமாகக் கிடைக்கும் ஊர். மலை, காடு, பாறை, சமவெளி எல்லாம் வண்டி தூரத்தில். ரயில் வசதி உண்டு. இதையெல்லாம்விட, அங்கே வந்து சேர்ந்த நடிகருக்கு அந்தப் படத்தைத் தவிர வேறு வேலை கிடையாது. காலையில் ஒரு ஸ்டுடியோ, மாலையில் ஒரு ஸ்டுடியோ என்று ஓட முடியாது. அவர் தங்குவது அருகில், சாப்பிடுவது அருகில், காலையில் மேக்கப் போட்டுக்கொண்டு நிற்பதும் அங்கேயே. இன்று கால்ஷீட் குளறுபடி என்று நாங்கள் தலையில் அடித்துக்கொள்ளும் பிரச்சினையின் பெரும்பகுதியை அவர் ஒரு நிலப்பத்திரத்தில் தீர்த்துவிட்டார்.

படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவுக்கூடம், லேப், எடிட்டிங் அறை, செட் போடும் தச்சர்கள், உடை தைப்பவர்கள், இசைக்குழு, கதை இலாகா என எல்லாம் ஒரே வளாகத்தில். பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். ஜெர்மனியிலிருந்து ஒளிப்பதிவாளர்களை வரவழைத்தார். 1937இல் முதல் படமாக 'சதி அகல்யா' வெளிவந்தது. இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவிக்கு அதுவே அறிமுகப் படம்.

'பாலன்' கதை இந்த ஏற்பாட்டின் நேரடி விளைவு. நாகர்கோவிலைச் சேர்ந்த ஏ. சுந்தரம் பிள்ளை என்பவர் மலையாளத்தில் பேசும்படம் எடுக்கும் ஆசையோடு சேலத்துக்கு வந்தார். கேரளத்தில் அன்று பேசும்படம் எடுக்கும் வசதி கிடையாது. டி.ஆர்.எஸ். அதை ஏற்றுக்கொண்டார். எஸ். நொட்டானி இயக்கினார். முதுகுளம் ராகவன் பிள்ளை எழுதினார். மலையாளத்துக்குச் சந்தை இருக்கிறதா என்பது அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் மாதச் சம்பளத்தில் ஆட்களையும் சொந்தத்தில் தளத்தையும் வைத்திருப்பவருடைய கணக்கு வேறு. படப்பிடிப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். தளம் காலியாக இருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். அப்படியிருக்க இன்னொரு மொழியில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது அவருக்குப் பிறர் நினைக்கிற அளவு பெரிய துணிச்சல் அல்ல. ஆலை ஓட வேண்டும் என்ற அந்த நிர்ப்பந்தமே ஒரு மொழியின் திரை வரலாற்றைத் தொடங்கிவைத்தது. தமிழ், மலையாளம், தெலுங்கு, சிங்களம், ஆங்கிலம் என்று பின்னால் அந்த வளாகத்தில் பேசப்பட்ட மொழிகள் பெருகின. 'பாலன்' படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. அந்த இழப்பை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். இரும்பு முகமூடி மனிதன் என்ற பிரெஞ்சுக் கதையைத் தழுவியது. ஒரே பிலிமில் பாதியை மறைத்து ஒருமுறையும் மறு பாதியை மறைத்து மறுமுறையும் எடுக்க வேண்டிய காலம் அது. கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நாள் முழுவதும் எடுத்தது வீண். அடுத்து 1942இல் 'மனோன்மணீயம்' நாடகத்தைத் தழுவி 'மனோன்மணி'. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்த, அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய செலவுப் படம். இரண்டையும் இயக்கியவரும் அவரே.

அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கச்சா பிலிம் கப்பலில் வர வேண்டிய பொருள். தட்டுப்பாடு முற்றி, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. பதினெட்டாயிரம் அடி, இருபதாயிரம் அடி என்று பாட்டும் கூத்துமாக நீட்டிப் பழகிய தமிழ்ப் படக்காரர்களுக்கு அது பெரும் அடி. சட்டமோ கட்டுப்பாடோ எதுவாக இருந்தாலும், முன்கூட்டியே திட்டம் போட்டு எடுப்பவருக்கு வலி குறைவு. காட்சியைத் தாளில் முடித்துவிட்டுத் தளத்துக்குப் போகிற பழக்கம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

இந்தப் பழக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தொழில் அனுபவத்தில் படங்கள் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் பணமின்மை என்று வெளியே சொல்லப்படும். உள்ளே இருந்து பார்த்தால் பணமின்மை இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது முடிவு எடுக்காமை. வசனம் முடியாமல் தளத்துக்குப் போவது, நாயகன் வந்த பிறகு காட்சியை மாற்றுவது, செட் போட்ட பிறகு வேறு இடம் வேண்டும் என்பது. ஒவ்வொரு தயக்கத்துக்கும் ஒரு நாள் வாடகை, ஒரு நாள் பேட்டா, ஒரு நாள் வட்டி. நான் வேலை பார்த்த ஒரு படம் முக்கால்வாசி எடுத்த நிலையில் இப்படித்தான் நின்றது. அந்தப் படத்தில் உழைத்த லைட்மேன்களுக்குப் பாக்கி வைத்த தொகை இன்றும் என் நினைவில் உறுத்துகிறது. டி.ஆர்.எஸ். கண்டிப்பானவர், சர்வாதிகாரி, படத்தை ஆலையில் துணி நெய்வதுபோல நெய்தார் என்று குறைசொல்பவர்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தக் கண்டிப்பால் கடைசித் தொழிலாளிக்குக் கூலி நின்றுபோகாமல் கிடைத்தது. கலை என்ற பெயரில் செய்யப்படும் தாமதத்தின் விலையை எப்போதும் கொடுப்பவர்கள் பெயர்ப்பட்டியலில் இடம்பெறாதவர்கள்.

1950ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் கொடுத்த மூன்று படங்களைப் பாருங்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலிலிருந்து 'திகம்பர சாமியார்', எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றி வரும் துப்பறியும் கதை. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்திலிருந்து 'பொன்முடி'; இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். மூன்றாவது, குண்டலகேசியின் கதையை அடியொற்றிக் கருணாநிதி எழுதிய நாடகத்திலிருந்து 'மந்திரி குமாரி'. வெகுஜன நாவல், நவீன காவியம், ஐம்பெருங்காப்பியம். ஒரு தயாரிப்பாளரின் மேசையில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. இலக்கியத்திலிருந்து படம் எடுப்பது பற்றி இன்று நாம் கருத்தரங்கம் வைக்கிறோம். அவர் சத்தமில்லாமல் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

'மந்திரி குமாரி' தனியாகப் பேசப்பட வேண்டிய படம். ராஜகுருவின் மகன் பார்த்திபன் ஒரு கொள்ளைக்காரன். அவனைக் காதலித்து மணக்கும் மந்திரியின் மகள் அமுதவல்லி அவனுடைய உண்மை முகத்தைக் கண்டுபிடிக்கிறாள். அவளைக் கொன்றுவிட மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். கடைசியாக உன்னை வலம்வர வேண்டும் என்று கேட்டுச் சுற்றி வருகிறவள், அவனைத் தள்ளிவிடுகிறாள். எம்.ஜி.ஆர். தளபதி வேடத்தில் இருக்கிறார் என்றாலும் படம் அவருடையது அல்ல. எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, இருவரும் மலையேறிப் போகும் அந்தப் பாடல் காட்சியைப் போல, இனிமையும் கொலையும் ஒரே மூச்சில் கலந்த இன்னொன்று தமிழ்ப் படங்களில் எனக்குத் தெரிந்து குறைவு. படம் முடிவதற்குள் டங்கன் அமெரிக்கா திரும்ப வேண்டியிருந்தது. மீதியை டி.ஆர்.எஸ். தானே இயக்கி முடித்தார். எந்தக் காட்சி யாருடையது என்று தையல் தெரியாமல் முடித்தார் என்பது பெரிய பாராட்டு. தளமும் ஆட்களும் தாளும் அவர் கையில் இருந்ததால் அது நடந்தது.

அந்தப் படத்தை எழுதியவர் சேலத்துக்கு வந்து சேர்ந்தது கவிஞர் கா.மு. ஷெரீப் வழியாக என்பதைக் கலைஞரே நன்றியோடு சொல்லியிருக்கிறார். மாதச் சம்பளம் கிடைத்தது; குடும்பத்தோடு சேலத்தில் தங்கினார். கண்ணதாசனும் கதை இலாகாவில் இருந்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய 'சண்டமாருதம்' இதழைக் கவனித்தார். பாரதிதாசன் 'வளையாபதி' படத்துக்கு வசனம் எழுதினார். மருதகாசி அங்கே எழுதினார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 'பாசவலை' படத்துக்கு எழுதிய பாட்டு, ஆரம்பத்தில் அவரைப் பெரிதாக எண்ணாத எம்.எஸ். விஸ்வநாதனை அசரவைத்தது. இத்தனை பேர் ஒரே சாலையில் நடந்துபோன ஒரு காலம் சேலத்துக்கு இருந்தது. தமிழ்நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையாவது இப்படியொரு வருகைப் பதிவேட்டைக் காட்டட்டும்.

டி.ஆர்.எஸ். இவர்களை அழைத்தது அவர்களுடைய கொள்கைக்காகவா? அப்படி நான் நினைக்கவில்லை. நாடக மேடைகளில் எந்த வசனத்துக்குக் கைதட்டல் விழுகிறது என்பதை அவர் கவனித்தார். அது யார் எழுதியது என்று விசாரித்தார். வரவழைத்து, சோற்றுக் கவலை இல்லாமல் எழுத வைத்தார். கருணாநிதி எழுதிய 'திரும்பிப் பார்' 1953இல் சிவாஜி கணேசனை மோசமான மனிதனாக நடிக்கவைத்து வந்தது. அரசியல் கூர்மை நிறைந்த வசனங்கள். ஒரு வியாபாரி இதற்குத் தயங்கியிருக்கலாம். அவர் தயங்கவில்லை. திராவிட இயக்கத்தின் தமிழ் திரைக்கு வந்ததன் வரலாற்றை எழுதுகிறவர்கள் மேடையையும் கட்சியையும் விரிவாக எழுதுகிறார்கள். அந்தத் தமிழுக்குப் பிலிமும் தளமும் மாதச் சம்பளமும் கொடுத்த கையை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். இது நியாயமில்லை.

இடையில் ஹாலிவுட்டும் சேலத்தைத் தேடி வந்தது. அமெரிக்கத் தயாரிப்பாளர் ராபர்ட் லிப்பர்ட்டுடன் கூட்டாக 'தி ஜங்கிள்' 1952இல் வெளிவந்தது. இயக்கம் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் ஆகியோர் நடித்தார்கள். தமிழில் 'காடு'. காட்டு யானைகள் மிரண்டு ஓடக் காரணம், உயிரோடு எஞ்சியிருக்கும் ஆதிகால ரோம யானைகள் என்பது கதை. அதற்காக நம் யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்தி நடிக்க வைத்தார்கள். படம் பெரிய படம் அல்ல. ஆனால் 1952இல், இந்திய ஸ்டுடியோ ஒன்று அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ஆங்கிலப் படம் எடுத்து, அது அங்கே திரையிடப்பட்டது என்பது அன்றைய நிலையில் கற்பனைக்கு எட்டாத காரியம். இந்தக் காரியத்தைச் செய்தது பம்பாயோ சென்னையோ அல்ல.

அவருடைய கடுமையைப் பற்றிய கதைகள் ஏராளம். 'மந்திரி குமாரி' சமயத்தில் எம்.ஜி.ஆரின் தாடையில் இருந்த குழி அவருக்குப் பிடிக்கவில்லை என்றும், அதை மறைக்கச் சிறு தாடி ஒட்டியதால்தான் சம்மதித்தார் என்றும் சொல்லப்படுவது உண்டு. 'அலிபாபா' படப்பிடிப்பின் கடைசிக் கட்டத்தில் எம்.ஜி.ஆரின் தேதிகள் ஒத்துவராமல் போக, டூப் வைத்து மீதிக் காட்சிகளை எடுத்து முடித்துவிட்டார் என்பதும் பரவலாக எழுதப்பட்ட கதை. அந்தப் படத்துக்குப் பிறகு எம்.ஜி.ஆர். மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எதிலும் நடிக்கவில்லை. சுந்தரத்தின் பக்கம் சாய்ந்து பேச எனக்கு ஆசைதான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நடிகரின் முகத்தையும் முதுகையும் அவர் பொருளாகவே பார்த்தார் என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை. அவருடைய சில படங்களில் அவசரம் தெரிகிறது. ஒரு மூச்சு விட்டு எடுத்திருக்கலாமே என்று தோன்றும் காட்சிகள் உண்டு. வெளிநாட்டுக் கதைகளை அப்படியே பெயர்த்து நட்ட இடங்களில் மண் ஒட்டவில்லை. கண்டிப்பின் பலனைச் சொல்பவன் இந்த விலையையும் சொல்ல வேண்டும்.

'அலிபாபா'வின் வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு முன் சில படங்களில் ஒரு பாட்டு, ஒரு நடனம் மட்டும் வண்ணத்தில் வந்ததுண்டு. முழுப் படத்தையும் கேவா கலர் என்ற வண்ண பிலிமில் எடுப்பது செலவை எங்கோ கொண்டுபோய் நிறுத்தும். வண்ண பிலிமுக்குக் கருப்பு வெள்ளையைவிட அதிக வெளிச்சம் வேண்டும். விளக்குகளின் சூட்டில் மேக்கப் வழியும். அதனால் கதைத் தேர்வே பாதி வெற்றி. குகை, பொற்காசு, பட்டு உடை, மார்க்கெட், நடனம் என்று வண்ணத்துக்கென்றே நெய்யப்பட்ட கதை அது. சமூகக் கதையை வண்ணத்தில் எடுத்திருந்தால் ஜனங்கள் வித்தியாசத்தை ஒரு ரீலில் மறந்திருப்பார்கள். பானுமதியின் உடைகள் ஒவ்வொரு காட்சியிலும் வேறு நிறத்தில் வருவதைக் கவனியுங்கள். திரைக்கு முன்னால் இருப்பவன் கொடுத்த காசுக்கு நிறம் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று யோசித்த ஒருவரின் கை அதில் தெரிகிறது.

பெண்களுக்கு அந்தப் படங்களில் கிடைத்த இடத்தையும் சொல்லாமல் விட முடியாது. அமுதவல்லியைச் சொன்னேன். 1947இல் வந்த 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி' படத்தில், கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்களின் தலையை வாங்கும் அரசியாக வி.என். ஜானகி. நகைச்சுவை நடிகையாக மட்டும் பார்க்கப்பட்ட மனோரமாவைக் கதாநாயகியாக்கி 'கொஞ்சும் குமரி' எடுத்ததும் மாடர்ன் தியேட்டர்ஸ்தான். அது 1963.

அதே 1963 ஆகஸ்ட் 30 அன்று டி.ஆர். சுந்தரம் காலமானார். வயது 56.

மகன் ராமசுந்தரம் தொடர்ந்தார். 'வல்லவனுக்கு வல்லவன்', 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று ஜெய்சங்கர் காலத்துத் துப்பறியும் படங்களில் பலவும் அங்கிருந்து வந்தவையே. எனக்கு இந்தப் படங்கள் மிகப் பிடிக்கும்; வேகம், வேதா இசை, சுரங்க அறைகள், ஏற்காட்டுச் சாலையில் கார்த் துரத்தல். ஆனால் தொழிலின் மையம் நகர்ந்துவிட்டது. நட்சத்திரங்கள் சென்னையில் ஒரே நாளில் இரண்டு மூன்று படங்களுக்குத் தேதி கொடுக்கத் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் சேலத்தில் வந்து தங்க யாருக்கும் மனமில்லை. மாதச் சம்பளப் பட்டியலைத் தூக்கிச் சுமக்க எந்த ஸ்டுடியோவாலும் முடியாமல் போனது. எழுபதுகளில் கேமரா ஸ்டுடியோவை விட்டு கிராமத்துத் தெருவுக்குப் போனபோது, சென்னையின் பெரிய ஸ்டுடியோக்களே தடுமாறின; சேலம் எம்மாத்திரம். எண்பதுகளின் தொடக்கத்தோடு தயாரிப்பு நின்றது. வளாகம் குடியிருப்பு மனைகளானது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று எழுதிய முகப்பு வளைவு நிற்கிறது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும், நானும் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது வேறு. மாடர்ன் தியேட்டர்ஸின் கணக்குப் புத்தகங்கள், சம்பளப் பட்டியல்கள், செட் செலவுச் சீட்டுகள், விநியோகஸ்தர் ஒப்பந்தங்கள் எங்காவது, யாருடைய வீட்டுப் பரணிலாவது இருக்கலாம். சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் ஈரோட்டிலும் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் சினிமா ஆய்வுகள் பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரப் படங்களையும் தேடிச் சேர்க்கின்றன. அது நல்ல காரியம். பழைய தாள்களை எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் அவற்றைப் பாதுகாக்கும். 'அலிபாபா' குகைக்கு எத்தனை தச்சர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள், குதிரைக்காரர்களுக்கு என்ன கூலி, கூட்டத்தில் நின்ற பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாகக் கொடுத்தார்களா, மலையாளப் படத்துக்கு வந்தவர்கள் எங்கே தங்கினார்கள், யானைக்குப் போர்த்திய ரோமம் எங்கிருந்து வந்தது, மழையால் நின்ற நாளுக்குச் சம்பளம் பிடித்தார்களா. அந்தத் தாள்கள் கிடைத்தால் படித்து, படியெடுத்து, வரிசைப்படுத்தித் தர நான் தயாராக இருக்கிறேன்.